கோட்டைக்குச் சாவெழுதிய கை

கட்டியவர் நாவில் அந்தக் கோட்டைக்கு என்ன பெயர் வழங்கியதென்று இன்று எவருக்கும் தெரியாது. ஆங்கு வாழ்ந்த தலைவன் ஒருவன் பெயரும் தெரியாது. அம்மக்கள் பாடிய பாட்டில் ஓரடியும் தெரியாது. ஆயினும், அக்கோட்டை எவன் படையால், எந்த வாயிலில், எவ்வாறு உடைபட்டதென்பது மட்டும் ஏறத்தாழ எண்பது ஆண்டுக்காலம் நேரில் கண்டாற்போலச் சொல்லப்பட்டு வந்தது. வாழ்ந்த வாழ்வு இருளில். செத்த சாவு மட்டும் பட்டப்பகலில்! தோற்றதாகச் சொல்லப்படும் ஓர் இனத்தின் வரலாற்றுக்கு இதனினும் பெரிய கொடுமை வேறென்ன வேண்டும்?

அக்கோட்டையின் இக்காலப் பெயர் மெய்டன் காசில் என்பது. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள தார்செட்டுப் பகுதியில், தார்ச்செசுட்டர் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஒன்றரைக் கல் தொலைவில், சுண்ணப்பாறைக் குன்றொன்றின் முடியைச் சுற்றிக் கிடக்கிறது அது. கோட்டை என்றவுடன் செஞ்சியையும் வேலூரையும் நினைக்கும் தமிழர் அங்கே அடுக்கிய கல்மதிலைத் தேடினால் ஏமாறுவர். மண்ணை வெட்டி அகழியாக்கி, வெட்டிய மண்ணையே மதிலாக்கி, மதிலுக்குப் புறத்தே மதிலும் அகழிக்குப் புறத்தே அகழியுமாக வளைத்த மண்ணரண் அது. உள்ளே 47 ஏக்கர் நிலம். கிழக்கில் ஒரு வாயில்; மேற்கில் ஒரு வாயில். வந்தவன் நேரே நுழைந்துவிடாதபடி வாயிலுக்கு முன்னே மதில்கள் வளைந்தும் மடிந்தும் வழியைச் சுற்றடிக்கின்றன. ஐரோப்பாவில் உள்ள இரும்புக்காலக் குன்றரண்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றென அதனை அறிஞர் எண்ணுவர்.

இஃது ஒரு நாளில் எழுந்ததன்று. கி.மு. 3600 அளவில் புதிய கற்கால மக்கள் அக்குன்றில் அகழி வெட்டிக் கூடினர். பின்னர் அங்கேயே 546 மீட்டர் நீளமுள்ள மண்மேடு ஒன்றை எழுப்பினர். கி.மு. 600 அளவில் முதற்கோட்டை, 16 ஏக்கர் அளவில். கி.மு. 450 அளவில் அது மும்மடங்காய்ப் பெருத்தது. உள்ளே வட்டவட்டமான வீடுகள் வரிசைப்பட நின்றன; தவசம் கொட்டி வைக்கக் குழிகள் இருந்தன. செசில் கடற்கரையிலிருந்து பொறுக்கி வந்த கூழாங்கற்கள், கவணில் வைத்து எறிவதற்கென்று, 20,000க்கும் மேல் கிடைத்துள்ளன. கிழக்கு வாயிலின் பக்கம் இரும்புத் தொழில் நடந்தது. உழைத்தும் உண்டும் காத்தும் வாழ்ந்த ஒரு குடியின் தடங்கள் இவை. கி.மு. 100 அளவில் மக்கள்தொகை குறைந்து, குடியிருப்பு கிழக்குப் பக்கமாகச் சுருங்கியது. உரோமர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே சுருங்கியது என்பதை மனத்தில் இருத்துக, பின்னர்த் தேவைப்படும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘மெய்டன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் கன்னி என்பது பொருள். எவனாலும் கொள்ளப்படாத கோட்டை ஆதலின் கன்னிக்கோட்டை ஆயிற்று என்பர் ஒருசாரார். பழம் பிரித்தானியரின் மொழியில் ‘மாய் தூன்’, பெருங்குன்று, என்பதன் திரிபென்பர் மற்றொரு சாரார். இப்பெயர் எழுத்தில் காணப்படுவதோ காம்டன் என்பாரின் ‘பிரித்தானியா’ நூலின் 1607ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான். ‘மாய்’ என்று காதில் விழுந்தவுடன் ‘மா’ என்றும், ‘தூன்’ என்று விழுந்தவுடன் ‘தூண்’ என்றும் தாவியெழும் ஆர்வலர் தமிழரிடையே உண்டு. அவர்கள் பொறுத்திருப்பது நன்று. 17ஆம் நூற்றாண்டுக்கு முன் எழுத்துச் சான்றே இல்லாத ஒரு பெயரை ஒலியொப்புமை ஒன்றையே கயிறாகக் கொண்டு கட்டியிழுத்து வருவது தமிழ்த்தொண்டு ஆகாது; தமிழைப் பிறர் நகைக்கச் செய்வதே ஆகும். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முதுமைக்குச் சான்று தன் மடியிலேயே வைத்திருக்கும் மொழிக்கு அடுத்தவன் குன்றில் போய்க் கல்பொறுக்க வேண்டிய தேவை இல்லை.

இனி அச்சாவுக் கதை. அதை எழுதியவர் மார்ட்டிமர் வீலர். இலண்டன் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்தவர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் நின்று விருது பெற்றவர். தம் துணைவியார் தெசா வீலருடன் 1934 முதல் 1937 வரை நான்கு பருவங்கள் அவர் மெய்டன் காசிலை அகழ்ந்தார். தெசா அம்மையார் 1936இல், பணி முடிவதற்கு முன்பே, மறைந்தார். கட்டம் கட்டமாய் நிலத்தைப் பிரித்து, மண்ணடுக்குகளை வரைந்து, ஒவ்வொரு துண்டையும் குறித்து வைத்த அகழ்முறையில் வீலர் பெரியவர், அதில் மறுப்பில்லை. ஆனால், அகழ்வதில் பெரியவராயிருந்தவர் கதை சொல்வதில் அதனினும் பெரியவராயிருந்தார். செய்தித்தாள்களை அழைத்தார், மக்கள் திரள் திரளாய் வந்து பார்த்தனர். பார்க்க வந்தவர்க்குப் பானையோடு மட்டும் காட்டினால் போதுமா? ஒரு போரைக் காட்ட வேண்டும்!

கிழக்கு வாயிலின் புறத்தே புதைகுழிகள் கிடைத்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருந்தனர். சிலர் மண்டையில் வெட்டு. ஒருவனுடைய முதுகெலும்பில் இரும்பு முனையொன்று தைத்தபடியே இருந்தது. போதாதா? கி.பி. 43இல் உரோமர் பிரித்தானியாவின்மேல் படையெடுத்தனர். அவருடைய இரண்டாம் படைப்பிரிவை நடத்தியவன் வெசுபாசியன். 69இல் உரோமப் பேரரசனாய் முடிசூடியவன். ஆகவே வெசுபாசியன் வந்தான், பொறிவில்லால் கணை மாரி பெய்தான், கிழக்கு வாயிலை உடைத்தான், ஆண் பெண் என்று பாராமல் வெட்டினான், குடிசைகளை எரித்தான், எஞ்சியவர் இருளில் தட்டுத்தடுமாறித் தம் இறந்தாரை அவசரம் அவசரமாகப் புதைத்தனர். இதுவே ‘போர்ப் புதைகாடு’ என்று வீலர் பெயரிட்ட இடத்தின் கதை. 1943இல், குண்டு விழுந்துகொண்டிருந்த இங்கிலாந்தில், அவருடைய பேரறிக்கை வெளிவந்தது. படையெடுப்பை அஞ்சிக்கொண்டிருந்த ஒரு மக்கள் படையெடுப்புக் கதையை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

இக்கதையைத் தாங்கும் தூண்கள் எவை? எழுத்துச் சான்று ஒன்றுண்டு. உரோம வரலாற்றாசிரியன் சுவெத்தோனியசு, நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து எழுதுகையில், வெசுபாசியன் முப்பது போர்களில் பொருதான், வலிய இரு குடிகளை அடக்கினான், இருபதுக்கு மேற்பட்ட அரண்நகர்களைக் கைப்பற்றினான், வைட்டுத் தீவையும் கொண்டான் என்கிறான். அவ்வளவே. அவ்விருபதில் ஒன்றன் பெயரையேனும் சொல்லவில்லை. அந்த இருகுடிகளுள் ஒன்று தார்செட்டில் வாழ்ந்த துரோத்திரிகர் என்பது பின்னோர் உய்த்துணர்ந்தது. அவர் அரண்களுள் ஒன்று மெய்டன் காசில் என்பது அவ்வுய்த்துணர்வின்மேல் எழுந்த மற்றோர் உய்த்துணர்வு. பெயரில்லாத பட்டியலில் தமக்கு வேண்டிய பெயரை எழுதிக்கொண்ட கை எது?

புதைகுழிகளே பேசட்டும். அவசரத்தில் புதைத்தவராம்! ஆனால் இறந்தோர் பலர்க்கு அருகே கலங்கள் வைக்கப்பட்டிருந்தன. சிலர்க்கு ஊன் படையல் இருந்தது. உடலை ஒடுக்கிக் கிடத்திக் கலத்தோடு புதைப்பது துரோத்திரிகர்தம் வழக்கமான புதைமுறை. வாயிலில் பகைவன் வாளேந்தி நிற்க, ஊர் எரிந்துகொண்டிருக்க, முறை பிறழாமல் கலம் தேடிப் படையலிட்டவர் எத்தகைய பொறுமையாளரோ! சாம்பலையும் கரியையும் காட்டினார் வீலர். இரும்புத் தொழில் நடந்த பக்கத்தில் கரியும் சாம்பலும் கிடப்பதற்கு வெசுபாசியன் வந்துதான் தீரவேண்டுமா? முதுகெலும்பில் தைத்த அம்முனை பொறிவில்லின் கணைதானா, கையெறி ஈட்டியின் முனையா என்பதே வழக்காகி நிற்கிறது.

1985, 1986 ஆண்டுகளில் நியால் சார்ப்பிள்சு என்னும் அறிஞர் அங்கே மீண்டும் அகழ்ந்தார். வீலரின் கதை ஆட்டங்கண்டது. புதைகாட்டில் கிடந்தோருள் பதினால்வர் உடலில்தான் கொடுஞ்சாவின் அடையாளம் உண்டு. அவர்களும் அக்கோட்டையிலேயே இறந்தனர் என்பதற்குச் சான்றில்லை. 2019இல் போர்ன்மத்துப் பல்கலைக்கழகத்தின் மைல்சு இரசல், முற்றுகை என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும் என்று எழுதினார். 2025இல் அப்பல்கலைக்கழகத்தார் அவ்வெலும்புகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி முடிவை வெளியிட்டனர். கொல்லப்பட்டோர் ஒரே நாளில் இறந்தவரல்லர். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிக் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி வரை, தலைமுறை தலைமுறையாய், வெவ்வேறு வேளைகளில் கொலையுண்டவர். உள்ளூர்ப் பூசலாயிருக்கலாம், தலைமைக்கு நடந்த போட்டியாயிருக்கலாம், ஒறுப்பாயிருக்கலாம். வெசுபாசியன்மேல் சுமத்திய குற்றத்திற்குச் சான்று கரைந்துபோயிற்று. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்: வீலரை மறுத்தவை, வீலரே எடுத்துக் குறித்துக் காத்துவைத்த எலும்புகள். அவர் கதை பொய்த்தது. அவர் பணி பொய்க்கவில்லை.

இக்கதையால் அக்குன்று இழந்தது மிகப் பெரிது. சாவு எழுதப்பட்டவுடன் அதன் பின்வாழ்வைத் தேடும் வேட்கை தணிந்தது. எஞ்சியவர் இருபது முப்பது ஆண்டு ஒடுங்கிக் கிடந்து, பின்னர்ப் பள்ளத்தாக்கில் எழுந்த உரோமர் நகருக்கு, இன்றைய தார்ச்செசுட்டருக்கு, இறங்கிச் சென்றனர் என்று பின்னுரை எழுதிக் கதவு சாத்தப்பட்டது. உண்மையில் அங்கேதான் வினாக்கள் தொடங்குகின்றன.

உரோமர் வந்த பின்னும் கோட்டையின் கிழக்குப் பகுதியில் ஒருசில பத்தாண்டுகள் மக்கள் இருந்திருக்கின்றனர். எவ்வளவு காலம்? எவ்வகை வாழ்வு? தெளிவில்லை. முதல் நூற்றாண்டு உரோமப் பொருள்கள் கிழக்கு வாயிலருகிலும் கோட்டையின் நடுவிலும் கிடைத்துள்ளன. அவை உரோமப் படைஞர் விட்டுச் சென்றவையா, உள்ளூரார் சந்தையில் வாங்கிக் கொணர்ந்தவையா? குடிகளை அப்புறப்படுத்திவிட்டுப் படைநிலையொன்றை உரோமர் அங்கே அமைத்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். அகழ்ந்த சான்றோ முடிவு சொல்லாமல் நிற்கிறது. அதே தார்செட்டில் ஃகாட் குன்று என்று வேறொரு குன்றரண் உண்டு. 1951 முதல் 1958 வரை இயன் இரிச்மாண்டு அதனை அகழ்ந்தார். அங்கே பழங்கோட்டையின் வடமேற்கு மூலையில் உரோமர் கட்டிய படைவீடு மண்ணில் எழுதிவைத்தாற்போலக் கிடக்கிறது, எவரும் ஐயுறவில்லை. இருந்தால் இருக்கிறதென்று மண்ணே சொல்லும். மெய்டன் காசிலில் மண் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்லவில்லை என்று எழுதுவதற்கு ஏன் ஆராய்ச்சியாளர் நாணவேண்டும்? கொடியேற்றியவன் கதையை எழுத ஒரு சிறு முனை போதும். குடியிருந்தவன் கதையை எழுத மட்டும் மலையளவு சான்று வேண்டும் என்பது எந்நாட்டு முறை?

மேலும் முந்நூறு ஆண்டுகள் கழிகின்றன. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கி.பி. 367க்குப் பின்னர், அக்குன்றில் ஒரு கோயில் எழுகிறது. உரோமப் பேரரசு கிறித்தவத்தைத் தழுவிவிட்ட காலம் அது. அந்தக் காலத்தில், ஆளற்ற பழங்கோட்டைக்குள் ஏறிச்சென்று, பழைய தெய்வத்திற்குச் சதுரக் கோயில் கட்டியிருக்கின்றனர். அருகே வட்டக் கட்டடம் ஒன்று. ஈரறை வீடொன்று, பூசகன் தங்கியதாகலாம். மூன்று கொம்புடைய எருதின் உருவொன்றும் அங்கே கிடைத்தது. எந்த நினைவு அவர்களை அக்குன்றின்மேல் ஏற்றியது? முன்னோர் கோட்டை என்ற நினைவு முந்நூறு ஆண்டு கழிந்தும் மக்கள் நெஞ்சில் இருந்ததா, அன்றி மண்மதில்களின் பெருமை ஒன்றே போதுமானதாய் இருந்ததா? வெசுபாசியன் முற்றுகையினும் ஆயிரம் மடங்கு சுவையான வினா இது. இதற்கு அவ்வளவு பெரிய பறை அறையப்பட்டதில்லை. வென்றவன் இதில் இல்லையல்லவா!

மற்றொன்றையும் காண்க. அந்நெடிய மண்மேட்டில் சிதைக்கப்பட்ட ஓர் உடல் கிடைத்தது. அது புதிய கற்காலத்தது என்றும், உடல் கூறுபோடப்பட்டது உண்பதற்காகவே போலும் என்றும் வீலர் கொண்டார். பழம்பிரித்தானியர் ஊனுண்ணிகள் என்று உலகம் நம்பிற்று. 1971இல் தான் பிராத்துவெல் அவ்வெலும்பை ஆராய்ந்து வெளியிட்டார். வெட்டியது மாழைக் கருவி, கல்லன்று. காலமோ ஏறத்தாழ கி.பி. 7ஆம் நூற்றாண்டு. அதாவது, நான்காயிரம் ஆண்டு பிழை! கோட்டை முற்றும் கைவிடப்பட்டதாகக் கருதப்படும் நாளில், சாக்சர் மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்த காலத்தில், எவனோ ஒருவன் அங்கே வெட்டுண்டு கிடந்தான். அவன் எம்மொழி பேசினான் என்று எலும்பு சொல்லாது. ஆனால் வந்தேறிய சாக்சர், அம்மண்ணில் ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த பிரித்தானியரை ‘வேல்சர்’ என்றனர். அதன் பொருள் அயலார் என்பது! அம்மக்களோ தம்மைத் தம் மொழியில் ‘கும்ரி’, ஒரே நாட்டார், என்று சொல்லிக்கொள்கின்றனர். வீட்டுக்காரனை வந்தவன் அயலான் என்றழைத்த பெயரே உலக வழக்காகி நிலைத்தது. அக்கோட்டையாரின் மொழிக்கு உறவான மொழி ஒன்று இன்றும் அந்த ‘அயலார்’ நாட்டில் உயிரோடிருக்கிறது. அதன் பின்னர்க் குன்று ஏருக்கும் ஆட்டுக்கும் உரியதாயிற்று. இன்றும் மதில்களின் சரிவில் ஆடு மேய்கிறது.

துரோத்திரிகர் எழுதி வைக்காதவர். ஆதலின் அவர்களைப் பற்றி அறியவே இயலாது, உரோமன் சொன்னதே உண்டு என்று கைவிரிப்பார்க்கு மறுமொழி அண்மையில் கிடைத்தது. 2025இன் தொடக்கத்தில் டப்ளின் திரித்துவக் கல்லூரியினர் அக்குடியினர் புதைகாட்டு எலும்புகளின் மரபுக்கூற்றை ஆராய்ந்து வெளியிட்டனர். பெண்கள் பிறந்த இடத்திலேயே வாழ்ந்தனர். ஆடவரே மணந்து பெண்வீட்டிடம் சென்றனர். தாய்வழியே குடிக்கு வேராயிருந்தது. எந்த உரோமனும் எழுதிவைக்காத உண்மை! வெற்றிக் கதையைத் தேடாமல் மக்களைத் தேடியவர்க்குக் கிடைத்த உண்மை.

தார்செட்டுக் குன்றுக்கும் தமிழர்க்கும் என்ன தொடர்பென்று கேட்பார்க்கு: கை ஒன்றே. 1944இல் அந்த வீலர்தாம் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்திறங்கினார். 1948 வரை இருந்தார். வந்த ஆண்டிலேயே சென்னை அருங்காட்சியகத்தில் உரோமச் சாடித் துண்டொன்றைக் கண்டார். அது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலிருந்து வந்ததென்று அறிந்து, 1945இல் ஆங்கே அகழ்ந்தார். இத்தாலியில் செய்த செந்நிறக் கலங்களும் சாடிகளும் கிடைத்தன. மகிழ்ந்தார். 1946இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அரிக்கமேடு இந்திய-உரோம வணிக நிலையம் ஆயிற்று. பின்னர் அவர் தீட்டிய ஓவியத்தைப் பாருங்கள்: எளிய மீன்குப்பம் ஒன்று, மீனும் பனையும் நெல்லுமாய் உலகறியாத மக்கள், திடுமென ஒரு நாள் தொலைநாட்டுத் தேறலும் கலமும் வந்து இறங்குகின்றன, குப்பம் துறைமுகமாகிறது. அங்கே வெசுபாசியன் வந்து கோட்டைக்கு வரலாறு கொடுத்தான். இங்கே அவன் நாட்டு வணிகன் வந்து குப்பத்திற்கு வரலாறு கொடுத்தான். இரண்டிலும் மண்ணின் மக்கள் மேடைத் திரையாகத் தொங்குகின்றனர்.

அரிக்கமேட்டில் தமிழ் பொறித்த ஓடுகள் கிடைத்தன. எழுதத் தெரிந்த மீன்குப்பம்! 1947 முதல் 1950 வரை அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் காசால், கீழடுக்கில் பெருங்கற்படைக் காலக் கலங்களைக் கண்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அகழ்ந்து வீலரின் காலக்கணக்கையே திருத்தினார். உரோமக் கலம் வருவதற்கு முன்பே, கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேனும், ஊர் இருந்தது, கைத்தொழில் இருந்தது, வணிகம் இருந்தது. வீலர் கி.பி. 200 அளவில் மூடிய ஊர் அதன் பின்னும் இருந்தது. உருளையால் புள்ளிவரி பதித்த தட்டுகளை மேலைநாட்டுச் சரக்கென்று வீலர் எண்ணினார். பின்னர் களிமண்ணைச் சோதித்தவர் அவை இந்தியத் துணைக்கண்டத்து மண்ணால் ஆனவை என்றனர். கப்பல் வந்தது உண்மை. ஊரைப் படைத்தது கப்பலன்று. மணி செய்தவன், சங்கறுத்தவன், நெய்தவன் இருந்ததால் கப்பல் வந்தது.

இதுவரை தமிழ்ப் பற்றாளர் எவரும் தலையசைப்பர். இனிச் சொல்வது அவர்களுட் சிலர்க்குக் கசக்கும்.

அரிக்கமேட்டில் வீலரை மறுக்கும் அதே நா, மொகஞ்சொதாரோவில் வீலரைப் போற்றிப் பாடுகிறது. அங்கே 1920களில் தெருக்களிலும் வீடுகளிலும் கிடைத்த ஏறத்தாழ 37 எலும்புக்கூடுகளை வைத்து, 1947இல் வெளியிட்ட தம் அரப்பா அறிக்கையில், ஆரியப் படை நகரை அழித்ததென்றும் இந்திரனே குற்றவாளிக்கூண்டில் நிற்கிறான் என்றும் வீலர் தீர்ப்பளித்தார். ஆரிய மேலாண்மையை எதிர்த்துப் போராடும் தமிழர்க்கு இதனினும் இனிய செய்தி உண்டோ? மேடைதோறும் முழங்கினர், நூல்தோறும் அச்சிட்டனர். 1964இல் சியார்சு தேல்சு என்னும் அமெரிக்க அறிஞர் அகழ்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். எலும்புக்கூடுகள் ஒரே காலத்தவையல்ல. வெவ்வேறு மண்ணடுக்கைச் சேர்ந்தவை. கோட்டைப் பகுதியில் ஒன்றும் இல்லை. எரிந்த நகரும் இல்லை. சிதறிய படைக்கலமும் இல்லை. படுகொலை என்பது கட்டுக்கதை என்று தலைப்பிலேயே எழுதினார். பின்னர் எலும்புகளை ஆராய்ந்தவர்க்கும் வெட்டுக்காயம் மிகச் சிலரிடமே தென்பட்டது. வீலரே முதுமையில் தம் கூற்றை மெய்ப்பிக்க இயலாதென்று தளர்த்திக்கொண்டார்.

மெய்டன் காசிலில் செய்ததை அப்படியே அங்கும் செய்திருக்கிறார் என்பது இப்போது விளங்கும். ஓரிடத்தில் எலும்புகள், வேறொரு நூலில் ஒரு படைத்தலைவன், இரண்டையும் ஒரு முடிச்சில் கட்டிவிட்டால் வரலாறு! அங்கே சுவெத்தோனியசும் வெசுபாசியனும். இங்கே இருக்குவேதமும் இந்திரனும். முடிச்சு ஒன்றுதான். ஒன்று தமக்குப் பிடிக்காத பக்கம் சாய்ந்ததால் பொய், மற்றொன்று தமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்ததால் மெய் என்று கொள்பவர் வீலரின் மாணவரே. அவரை மறுப்பவர் அல்லர்.

அப்படியாயின் ஆரியர் வந்ததே பொய்யா, வடமொழி மேலாண்மை என்பதே புனைவா என்று சீறியெழுவோர் அமைதி கொள்க. குடிவரவு வேறு, கொலைக்களம் வேறு. கி.மு. 2000க்குப் பின்னர் நடுவண் ஆசியப் புல்வெளி மக்களின் மரபுக்கூறு இத்துணைக்கண்டத்தில் கலந்தது என்று 2019இல் வெளிவந்த பேராய்வு காட்டியது. அதற்கு அந்த 37 எலும்புக்கூடுகள் வேண்டுவதில்லை. கோயிலுக்குள் எந்த மொழி ஒலிக்கிறது, பிறப்பால் எவனை மேலோன் என்கின்றனர், மணவறையில் எவன் வாயிலிருந்து எந்த மொழி வருகிறது என்பதற்குச் சிந்துவெளியில் சான்று தேடிப் போகவும் வேண்டுவதில்லை, தெருவிலேயே இருக்கிறது. வலிமையான வழக்கை நடத்துபவன் எதற்காக உடைந்த சான்றைக் கூண்டிலேற்றி எதிராளி கையில் வாளைக் கொடுக்க வேண்டும்? மொகஞ்சொதாரோப் படுகொலையை ஒருவன் மேடையில் முழங்கினால், எதிரி செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: தேல்சின் கட்டுரையை எடுத்துப் படிப்பது. அதன்பின் அம்மேடையில் சொன்ன மெய்களும் அப்பொய்யோடு சேர்ந்து புதைக்கப்படும்.

ஆகவே, அரிக்கமேட்டை உரோமர் வணிக நிலையம் என்று எழுதும் தமிழ் நூல் எதுவாயினும், பாடநூலாயினும் அறிவுக்களஞ்சியமாயினும், அத்தொடரை அடுத்த பதிப்பில் அடித்துவிட்டுத் தமிழர் துறைமுகம் என்றெழுத வேண்டும் என்று கேட்பது முறையே. கேட்கும் அன்றே, அத்தூவலைக் கீழே வைக்குமுன், தம் வெளியீடுகளில் மொகஞ்சொதாரோப் படுகொலை வரும் பக்கங்களையும் அவர்களே அடித்துவிட வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றைச் செய்யாதவரின் கோரிக்கையை எந்த அலுவலகமும் படிக்காது, படிக்கவும் வேண்டுவதில்லை.

தார்ச்செசுட்டர் அருங்காட்சியகத்தில் அம்முதுகெலும்பு இரும்பு முனையோடு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. உரோமன் எய்தது என்றே மக்கள் நெடுங்காலம் அதைப் பார்த்துச் சென்றனர். அவனை எய்தவன் எவன், எதற்காக எய்தான், எய்தவனும் அவன் மொழியையே பேசினானா என்பது இன்றும் தெரியாது.